பத்தாயிரம் ரூபா போன்ல ஓடாத கடல் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட கல்வி இணைப்புல, கேம் டெவலப்மென்ட் படிச்சா என்ன எதிர்காலம்னு ஒரு முழுப்பக்க கட்டுரை போட்டிருந்தீங்க, படிச்சேன். ரம்மிய திட்டாம, தற்கொலை செய்தி இல்லாம, கேம் பத்தி ஒரு தமிழ் பேப்பர்ல ஒரு பக்கம் வர்றதே பெரிய விஷயம், அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா அந்தப் பக்கத்துல பாதிய ஒரு படம் பிடிச்சிகினு இருந்துச்சு சார். நீலக்கடல், அடியில பவளம் தெரியுற அளவுக்கு சுத்தமான தண்ணி, அலை மேல சூரியன் ஜொலிக்குது. கீழ "கற்பனைத்திறனும் கிராபிக்ஸ் ஆர்வமும் இருந்தால் போதும்"னு ஒரு வரி. அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

நாங்க காட்பாடில மூணு பேர் சேந்து ஒரு கடல் சர்வைவல் கேம்தான் பண்ணிகினு இருக்கோம், அதனால அந்தப் படத்த பாத்ததும் எனக்கு மொதல்ல தோணின கேள்வி, இது எந்த போன்ல ஓடுது? கட்டுரை முழுக்க தேடிட்டேன், அதப்பத்தி ஒரு வார்த்த இல்ல.

கேம் என்னனு சுருக்கமா சொல்லிடறேன். படகு கவுந்துடுது, நீங்க நாலு கட்டைய பிடிச்சிகினு வங்காள விரிகுடால மிதக்கறீங்க. மிதந்து வர்ற பலகை, கேன், அறுந்த வலை எல்லாத்தையும் இழுத்துப் போட்டு கட்டுமரத்த பெருசாக்கணும், குடிக்க தண்ணி தேடணும், மீன் பிடிக்கணும், வெயில்ல கருகாம இருக்கணும், சுறா வந்தா அத வேற பாத்துக்கணும். ராஃப்ட், சப்நாட்டிகா, ஸ்ட்ராண்டட் டீப்னு இந்த வகையில பெரிய கேமெல்லாம் ஏற்கனவே வந்து உலகமே ஆடிடுச்சு, நாங்க ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல. அதெல்லாம் மொதல்ல கம்ப்யூட்டருக்குனு பண்ணது. நாங்க பண்றது சாதா போனுக்கு.

வேலூர்காரனுக்கு கடல் எதுக்குடானு கேக்காத சொந்தக்காரங்க இல்ல. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு நம்ம ஊர பத்தி பழைய கிண்டல் ஒண்ணு இருக்கே, அதுல சாமி 1981லயே கோட்டைக்குள்ள வந்துட்டாரு, ஆறு 2021 நவம்பர்ல வந்து ரெண்டு கரையும் தொட்டு ஓடி எல்லாரையும் மிரட்டிட்டு போச்சு, ராஜா மட்டும்தான் பாக்கி. கடல் இல்லனா என்ன, பாலாறே நந்தி மலைல கிளம்பி நம்மள தாண்டி வயலூர்கிட்ட போய் கடல்லதான் விழுது. அதுவுமில்லாம இந்த கேமுக்கு வேண்டிய ரெண்டு விஷயம், தாகமும் வெயிலும், நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம்.

தாகம்னு சொன்னேன்ல, அதுக்கே நாங்க நிறைய படிச்சோம். கடல் தண்ணில ஒரு லிட்டருக்கு சுமாரா 35 கிராம் உப்பு இருக்கு. அவ்ளோ உப்ப நம்ம கிட்னியால கெட்டியா வெளிய தள்ள முடியாது, அதனால குடிச்சத விட அதிகமா தண்ணி உடம்புல இருந்து போகும், குடிக்க குடிக்க தாகம் ஏறும். கேம்ல கடல் தண்ணி குடிச்சா மொதல்ல தாகம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி காட்டிட்டு அப்புறம் ஒரேயடியா ஏத்தி விடறோம். பூன் லிம்னு ஒரு சீன மாலுமி, 1942 நவம்பர்ல கப்பல்ல டார்பிடோ பட்டு, ஒரு மரத்தெப்பத்துல 133 நாள் தனியா மிதந்து பிரேசில் கரைக்கு பக்கத்துல மீனவங்க கண்ணுல பட்டாரு. டார்ச் லைட்டுக்குள்ள இருந்த கம்பிய தூண்டில் முள்ளா வளைச்சிக்கினாரு, லைஃப் ஜாக்கெட் துணில மழைத்தண்ணி பிடிச்சாரு. எங்க கேம்லயும் தண்ணி அப்படித்தான், துணிய விரிச்சு வெச்சா மழை வரும்போது நிறையும், காத்து அடிச்சா பறந்துடும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சது. கிழக்கு கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம் இருக்குல்ல, அந்த நேரம் விசைப்படகு கடலுக்குள்ள போகாது. அதனால கேம்ல நீங்க மே மாசம் மாட்டினீங்கனா காப்பாத்த ஒரு விசைப்படகும் வராது, வானம் மட்டும் சுத்தமா இருக்கும். ஐப்பசி கார்த்திகைல மாட்டினா படகு உண்டு, ஆனா வாடைக்காத்தும் புயலும் உண்டு. புயல் வெக்கிறதா வேணாமானு எங்களுக்குள்ளயே பெரிய சண்டை. 2017ல ஒக்கி புயல்ல குமரி மாவட்டத்து ஆளுங்க ஆழ்கடல்ல மாட்டி எத்தன பேர் திரும்பல, அத பாத்துட்டு புயல ஒரு பாயிண்டு வாங்குற மேட்டரா வெக்க மனசு வரல. கடைசில புயல் வெச்சோம், ஆனா அதுக்கு பேரு கிடையாது, தாண்டினா பரிசும் கிடையாது.

சரி. இதெல்லாம் உங்க கட்டுரை சொன்ன கற்பனைத்திறன் கணக்குல வரும்னே வெச்சுக்கலாம். இதுக்கு ஆன நேரம் கொஞ்சம்தான் சார். மிச்ச நேரமெல்லாம் எங்க போச்சுன்றதுதான் உங்க வாசகர்களுக்கு தெரியணும்.

ஒரு கேம் செகண்டுக்கு 60 படம் காட்டணும்னா ஒரு படத்துக்கு 16.6 மில்லி செகண்ட் டைம், 30 படம்னா 33 மில்லி செகண்ட். அதுக்குள்ள அலை, கட்டுமரம், சுறா, மழை, தாகம், சத்தம் எல்லாத்தையும் கணக்கு போட்டு வரைஞ்சு முடிச்சிடணும். ஒரு தடவ லேட் ஆனாலும் படம் தடுக்கும். வேற கேம்ல தடுக்கினா எரிச்சலோட போயிடும், சர்வைவல் கேம்ல தடுக்கினா ஆள் செத்துடுவான். அலை தூக்கிப்போடற நேரம் பாத்து கொக்கிய வீசி ஒரு கேன இழுக்கறான், அப்ப பாத்து கால் செகண்ட் நின்னுச்சுனா கேன் போச்சு, அந்த கேன்லதான் தண்ணி. அவன் தப்பு பண்ணி சாகல, அவன்கிட்ட விலை கம்மி போன் இருந்ததால செத்தான். இத விட அநியாயம் ஒரு கேம்ல இருக்க முடியுமா?

அலைக்கு வரேன். கடலலைய கம்ப்யூட்டர்ல வரைய ரெண்டு பிரபலமான வழி இருக்கு. ஒண்ணு கெர்ஸ்ட்னர்னு ஒருத்தர் 1802லயே எழுதி வெச்ச கணக்கு, தண்ணித்துளி ஒவ்வொண்ணும் வட்டமா சுத்துது, அதனால உச்சி கூரா பள்ளம் அகலமா வரும், பாக்க நெஜ அலைதான். இன்னொண்ணு டெசன்டார்ஃப்னு ஒருத்தர் 2001ல எழுதி சினிமால இருந்து கேம் வரைக்கும் பரவின முறை, ஃபூரியே கணக்குல ஆயிரக்கணக்கான அலைய ஒண்ணா கூட்டறது. ரெண்டாவதுதான் அழகு, அதுல சந்தேகமே இல்ல, உங்க பேப்பர்ல வந்த படமும் அதுவாத்தான் இருக்கணும். ஆனா 3 ஜிபி ரேம் போன்ல அத ஓட்டினா மிச்சத்துக்கு மூச்சு இருக்காது. நாங்க கெர்ஸ்ட்னர் அலை நாலே நாலு எடுத்து, திசையும் நீளமும் மாத்தி மாத்தி கலந்தோம். வேகம் மட்டும் இஷ்டத்துக்கு வெக்கல, ஆழ்கடல்ல 100 மீட்டர் நீள அலை செகண்டுக்கு 12.5 மீட்டர் போகும், நீளம் கம்மியானா வேகமும் கம்மி, அந்தக் கணக்குப்படி விட்டாத்தான் கண்ணு நம்புது. எல்லா அலையும் ஒரே வேகத்துல போனா என்னமோ தப்புனு சின்னப்பையனுக்கு கூட தெரிஞ்சிடும், ஏன்னு மட்டும் சொல்லத் தெரியாது.

அலைய வரையறது ஜிபியு, அதாவது போன்ல படம் வரையற சிப்பு, ஆனா கட்டுமரம் எங்க மிதக்கணும்னு சொல்றது சிபியு, மத்த கணக்கெல்லாம் போடற சிப்பு. ரெண்டும் ஒரே பதில் சொல்லலனா மரம் தண்ணிக்குள்ள முங்கும், இல்லனா அந்தரத்துல நிக்கும். இங்கதான் ஒரு சிக்கல். கெர்ஸ்ட்னர் அலைல தண்ணி மேலயும் கீழயும் மட்டும் போகாது, பக்கவாட்டுலயும் நகரும், அதனால இந்த இடத்துல உயரம் என்னனு கேட்டா ஃபார்முலா நேரா பதில் சொல்லாது. எங்க டீம்ல இருக்கிற பொண்ணு குடியாத்தம், பி.எஸ்சி கணக்கு, கேம் கோர்ஸ் எதுவும் படிச்சதில்ல. அது ஒரு பழைய டைரில பேனாவால போட்டு காட்டுச்சு, மொதல்ல ஒரு இடத்த குத்துமதிப்பா எடு, அது எவ்ளோ நகந்துச்சுனு பாரு, அந்த அளவ கழிச்சிட்டு திரும்ப பாரு, மூணு தடவ பண்ணா போதும், அதுக்கு மேல பண்ற திருத்தம் கண்ணுக்கே தெரியாதுனு. பலகை ஒவ்வொண்ணுக்கும் இத போடாம மரத்தோட நாலு மூலை நடு ஒண்ணுனு அஞ்சு இடத்துல மட்டும் போட்டு மிச்சத்த சாய்வ வெச்சே ஓட்டிடலாம்னும் அதுவேதான் சொல்லுச்சு. கிராபிக்ஸ் ஆர்வமா சார் இது? அந்தப் பொண்ணுக்கு ஒரு பூ கூட வரைய வராது.

அடுத்தது தண்ணியோட பளபளப்பு. சின்ன போன்ல ஸ்கிரீன் 720க்கு 1600, அதாவது பதினொன்றரை லட்சம் புள்ளி, செகண்டுக்கு 30 தடவ வரையணும்னா மூணரை கோடி. தண்ணி மேல நுரை, நுரை மேல மூடுபனி, அதுக்கு மேல மழைனு ஒண்ணு மேல ஒண்ணா ஊடுருவி தெரியுற மாதிரி வெச்சா ஒவ்வொரு புள்ளிக்கும் அத்தன தடவ வேலை, ஒரே சுவத்துக்கு நாலு கோட்டு சுண்ணாம்பு அடிக்கிற கதை, கூலி நாலு பங்கு. நுரைய, தண்ணிக்கு கலர் போடற குட்டி புரோகிராம் இருக்கே ஷேடர்னு, அதுக்குள்ளயே சேத்தோம், மூடுபனிய தனியா வரையாம தூரத்து கலர்லயே மங்க விட்டோம். வானம் தண்ணில தெரியறதுக்கு காட்சிய ரெண்டாவது தடவ வரையற முறைய தூக்கிட்டு, முன்னாடியே எடுத்து வெச்ச வானத்து படத்த காட்டறோம். கண்டுபிடிச்சவங்க இதுவரைக்கும் யாரும் இல்ல.

கடல் பெருசுன்றதே ஒரு தொல்லை, இத யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. கேம் எஞ்சின், அதாவது கேம ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர், எது எங்க இருக்குன்றத 32 பிட் நம்பர்ல வெச்சிருக்கும், அதுல ஏழு இலக்கம்தான் சுத்தமா நிக்கும். கிளம்பின இடத்துல இருந்து 10 கிலோமீட்டர் தள்ளினா ஒரு மில்லி மீட்டர் கிட்ட துல்லியம், 100 கிலோமீட்டர்னா 8 மில்லி மீட்டர். நம்பர்ல சின்னதா தெரியும், ஆனா கணக்கு மேல கணக்கு ஏறும்போது மரம் குளிர்ல நடுங்கற ஆளு கணக்கா உதற ஆரம்பிச்சிடும், கையில பிடிச்ச தூண்டில் தனியா ஆடும். அதுக்கு வழி, ஆட்டக்காரன் ரொம்ப தூரம் போனதும் அவன தூக்கி திரும்ப பூஜ்யத்துல வெச்சிட்டு மொத்த கடலையும் அவனுக்கு ஏத்த மாதிரி நகத்திடறது. அலையோட கணக்கும் அதே நேரம் நகரணும், இல்லனா கண்ணு முன்னாடியே அலை மாறிடும். ஆடறவங்களுக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது, தெரிஞ்சா நாங்க ஒழுங்கா பண்ணலனு அர்த்தம்.

மெமரிக்கு தனியா ஒரு கடிதமே எழுதலாம், சீக்கிரம் சொல்லிடறேன். 2048க்கு 2048 படம் ஒண்ண சுருக்காம வெச்சா 16 எம்பி, ஏஎஸ்டிசி முறைல சுருக்கினா ரெண்டு எம்பிக்குள்ள வந்துடும், பழைய போனுக்கு வேற முறை. மிதந்து வர்ற பலகைய ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாக்கி அழிச்சிகினே இருந்தா குப்பை சேந்து எஞ்சின் திடீர்னு நின்னு கூட்டி வாரும், அந்த நிறுத்தம்தான் மேல சொன்ன கால் செகண்ட். அதனால பலகைய அழிக்கறதே இல்ல, பின்னாடி போனத எடுத்து முன்னாடி போடறோம். தமிழ் எழுத்துக்கு இன்னொரு கூத்து, நாங்க யூனிட்டின்ற எஞ்சின்ல பண்றோம், அதுல தேங்காய்னு எழுதினா அந்த இரட்டைக் கொம்பு தகரத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும், தனியா வேலை செஞ்சாத்தான் சரியாகும். கோடோ 4ன்ற இன்னொரு எஞ்சின்ல அது தானாவே ஒழுங்கா வருது. யூனிட்டி கம்பெனி 2023 செப்டம்பர்ல இன்ஸ்டால் கணக்குக்கு காசுனு சொல்லி அடுத்த வருஷம் வாபஸ் வாங்குச்சே, அந்த நேரத்துல கேம் பண்ற பசங்க பல பேர் கோடோக்கு ஓடிட்டாங்க, நாங்க பாதி ஆத்துல இருந்ததால ஓடல.

இப்ப வெயில். இது வேலூர் ஆளு மட்டும்தான் எழுத முடியும்னு நெனைக்கறேன். போன் சூடானா தன்ன காப்பாத்திக்க தானே வேகத்த குறைச்சிடும். ஏசி ரூம்ல டெஸ்ட் பண்ணா 60 படம் ஓடும், கத்திரி வெயில்ல 40 டிகிரிக்கு மேல போற நம்ம ஊர்ல தகர ஷீட் போட்ட மாடி ரூம்ல உக்காந்து ஆடினா கொஞ்ச நேரத்துல பாதியாகி தத்தளிக்கும். எங்க டெஸ்ட் போன் எங்க தெரு ஷேர் ஆட்டோக்காரர் அண்ணன் குடுத்தது, மூலைல கண்ணாடி விரிஞ்சு செல்லோ டேப் ஒட்டியிருக்கும், சார்ஜ் ஒயர ஒரு பக்கமா மடக்கி ரப்பர் பேண்ட் போட்டாத்தான் ஏறும், பேட்டரி வீங்கி பின்மூடி லேசா தூக்கியிருந்துச்சு, பேட்டரிய மட்டும் பயந்துகினு மாத்திட்டோம். மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த ரூம்ல அந்த போன்ல தொடர்ந்து அரை மணி நேரம் ஓடலனா அந்த மாத்தம் கேமுக்குள்ள போகாது, இதுதான் எங்க சட்டம். அதுக்காகவே 60ஐ விட்டுட்டு 30லயே பூட்டி வெச்சோம். அஞ்சு நிமிஷம் சூப்பரா ஓடி அப்புறம் திணறுறதுக்கு, கடைசி வரைக்கும் ஒரே சீரா 30 ஓடறது எவ்வளவோ மேல், இத எந்த யூடியூப்காரர் வந்து மறுத்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

எதுக்கு இவ்ளோ விலாவாரியா எழுதறேன்னா, எங்ககிட்ட வேலை கேட்டு வர்ற பசங்கள பாத்து வயிறு எரியுது சார். ஆரணில இருந்து ஒரு பையன் வந்தான், இங்க ஒரு தனியார் ட்ரெயினிங் சென்டர்ல, பேரு வேணாம், ஒரு லட்சத்துக்கு மேல கட்டி படிச்சிருக்கான், அப்பா தறி ஓட்டறாரு. அவன் செஞ்ச கடல் காட்சிய லேப்டாப்ல காட்டினான், சத்தியமா எங்களோடத விட அழகு. அத அவன் சொந்த போன்ல போட்டுப் பாத்தியானு கேட்டேன், போட்டதே இல்லையாம். போட்டோம், ஒவ்வொரு படமா நின்னு நின்னு வந்துச்சு, அப்புறம் மூடிகிச்சு. ப்ரொஃபைலர்னா இன்னானு அவனுக்கு யாரும் சொல்லித்தரல, எது எவ்ளோ நேரம் தின்னுதுனு காட்டற அந்த கருவி எஞ்சினோடவே இலவசமா வருது. பையன் மேல ஒரு குத்தமும் இல்ல, கெட்டிக்காரன், இப்ப எங்களோடதான் இருக்கான். ஆனா லேப்ல இருக்கிற பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கு அழகு காட்டறதையே படிப்புனு வித்துட்டாங்க, அவன் ஊர்ல அவன் கூட்டாளி ஒருத்தன் கூட அத ஆட முடியாது.

இத உங்க கட்டுரையும் தாங்கிப் பிடிக்கக் கூடாதுனு கேட்டுக்கறேன். அடுத்த தடவ எழுதும்போது பி.எஸ்சி கணக்கு, பிசிக்ஸ் படிக்கிற புள்ளைங்களுக்கும் இதுல இடம் இருக்குனு எழுதுங்க. ஓட்டேரி முத்துரங்கம் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரில ஃபூரியே தொடர் பரிட்சைக்காக மனப்பாடம் பண்ற புள்ளைங்களுக்கு, அதுல கடலே இருக்குனு ஒருத்தராவது சொல்லணும்ல. 2022ல கொண்டு வந்த நான் முதல்வன் திட்டத்துல எத்தனையோ திறன் பயிற்சி தர்றாங்க, அதுல சாதா போனுக்கு கேம ஒல்லியாக்கற வேலைய ஒரு பாடமா வெக்கலாம்னு உங்க பேப்பர் எழுதினா யாராவது காதுல விழும், நாங்க எழுதினா விழாது.

பெத்தவங்களுக்கும் ஒரு வரி வேணும். 2025 ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் தடுக்கறது காசு கட்டி ஆடற ஆட்டத்த, இந்த மாதிரி கேம் பண்றத இல்ல. எங்க வீட்லயே அந்தச் செய்தி டிவில ஓடினப்ப "டேய், உன் கடைய மூடிட்டாங்கடா"னு மாமா போன் பண்ணாரு. செலவும் ஊரு சொல்ற அளவுக்கு இல்ல, பிளே ஸ்டோர்ல கணக்கு தொறக்க ஒரே தடவ 25 டாலர். 2023 நவம்பருக்கு அப்புறம் தனியாள் பேர்ல தொறந்த கணக்குனா வெளியிடறதுக்கு முன்னாடி 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்ட்ல இருக்கணும்னு ஒரு விதி இருக்கு, 12 பேர பிடிக்கறது சுலபம், 14 நாள் அழிக்காம வெச்சிருக்க சொல்றதுதான் பாடு, பிரியாணி வரைக்கும் பேரம் போவும்.

படம் போடறத வேணாம்னு சொல்லல. படத்துக்கு கீழ இது எந்த போன்ல, எத்தன ஜிபி ரேம்ல, செகண்டுக்கு எத்தன படம் ஓடுதுனு ஒரு வரி போடுங்க. அந்த வரிய கேட்டாலே பாதி ட்ரெயினிங் சென்டர் உங்களுக்கு படம் அனுப்பறத நிறுத்திடும்.

உங்க நிருபர் யாராவது வந்து பாக்கறதா இருந்தா சந்தோஷம், காட்பாடி ஸ்டேஷன்ல இறங்கி சொன்னா நாங்களே வந்து கூட்டிகினு வரோம். ஒரே ஒரு கண்டிஷன், மத்தியானம் ரெண்டு மணிக்கு வரணும், ஆபீஸ்ல இருக்கறதுலயே பழைய போன் எதுவோ அத எடுத்துகினு வரணும்.

இப்படிக்கு,
கேம் பண்ற ஒரு வாசகன்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.